புடலம்பூ ஜன்னல்

ஓய்வு பெற்ற பிறகுதான் தர்மேந்திரனுக்குத் தன் வீட்டின் மத்தியானம் அறிமுகமானது.

முப்பத்து நாலு வருஷம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தவர். காலை ஷிப்டு என்றால் மத்தியானம் வார்டில் கழியும். மாலை ஷிப்டு என்றால் ஒன்றரை மணிக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவார். இரவு வேலை முடிந்து வந்த நாட்களில் ஜன்னலை இழுத்து மூடி, அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவார். லீவு நாளை ஏதாவது ஒரு கல்யாணமோ கருமாதியோ கொண்டுபோய்விடும். வருஷக் கடைசியில் வேலையிலிருந்து விடுபட்டு, பொங்கல் முடிந்து, தைப்பூசமும் முடிந்து, பிப்ரவரி வெயில் ஈப்போ நகரைப் பிடித்துக்கொண்ட ஒரு நாளில், மூன்று மணிக்கு, கண்ணை விழித்துக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ தெரியாதவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்ததுபோல அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் அவர் மனைவி குமுதாவுக்குச் சொந்தமானது. தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, தலையணைகூட இல்லாமல், காற்றாடிக்கு நேர் கீழே படுத்துக்கொள்வாள். வெளியே சுண்ணாம்பு மலை வெயிலில் அசைவது போலிருக்கும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் ரேடியோவில் யாரோ மெதுவாகப் பாடுவார்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்து, ரோஸ் சிரப்பில் பாலும் ஐஸும் போட்டு ஒரு கிளாஸ் பண்டோங் குடிப்பாள். பிறகு ஐந்து மணி வரைக்கும் எதுவும் செய்யமாட்டாள். முப்பது வருஷமாக அப்படித்தான் என்று அவளே சொன்னாள்.

"சும்மாவா இருப்ப?" என்று கேட்டார்.

"சும்மாதான். ஏன், சும்மா இருக்கக் கூடாதா?"



ஐந்து மணிக்குத் தோட்டம். அவர்களுடையது வரிசையின் கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். வந்த புதிதில் கடற்கரை மாதிரி வெறும் வெள்ளை மணலாகக் கிடந்தது. குமுதா பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவள். காய்கறித் தோலும், தேயிலைச் சக்கையும், மாட்டுச் சாணமுமாகப் போட்டுப் போட்டு இருபது வருஷத்தில் அந்த மணலைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். கத்திரி, மிளகாய், வெண்டி, முருங்கை ஒன்று, வேலியோரம் புடலங்கொடி.

தர்மேந்திரன் உதவி செய்யப் போனார். உச்சி வெயிலில் மிளகாய்ச் செடிகளுக்குக் குழாயைத் திறந்துவிட்டதில் நாலு செடி வெந்து தொங்கிவிட்டது. கறிவேப்பிலையை வெட்டி ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதை மொட்டையடித்து வைத்தார். குமுதா சத்தம் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முருங்கை நிழலில் கொண்டுவந்து போட்டாள்.

"நீங்க இதுல உக்காந்துக்கிட்டு எனக்குப் பேச்சுத் துணையா இருங்க. அது போதும்லா."

உட்கார்ந்தார். ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது. விரல்கள் தாமாகவே மடியில் எதையோ தேடின. அவருடைய விரல்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குமுதாவுக்குத்தான் தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தர்மேந்திரன் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். புடலம் பிஞ்சுகள் சுருண்டு போகாமல் நேராக இறங்க வேண்டும் என்றால் அவற்றின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். குமுதா கல்லைப் பொறுக்கி வைத்துக்கொண்டு கயிறு தேடினாள். எங்கும் அகப்படவில்லை. அலமாரிக்கு மேல் கணவருடைய பழைய வேலைப் பை இருந்தது. எடுத்துத் திறந்தாள்.

தர்மேந்திரன் மீன் பையோடு கேட்டைத் திறந்தபோது, புடலம் பந்தலில் ஐந்தாறு பிஞ்சுகள் ஆகாய நீலக் கம்பளி நூலில் கல்லைக் கட்டிக்கொண்டு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவர் அப்படியே நின்றுவிட்டார். மீனிலிருந்து தண்ணீர் சொட்டிச் செருப்பை நனைத்தது.

குமுதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிச்ச நூல் உருண்டை, இரண்டு மூங்கில் ஊசிகள், கையகலத்துக்குப் பின்னிய ஒரு துண்டு.

"இது யாருது?"

"என்னுது."

"எந்த மிஸ்ஸி குடுத்தா?"

வார்டு நர்ஸைத்தான் அப்படிச் சொன்னாள். கேள்வி அமைதியாகத்தான் வந்தது. ஆனால் முப்பத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளுடைய அந்தக் குரலை அவர் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

"மிஸ்ஸியும் இல்ல ஒன்னும் இல்ல. நான் பின்னுனது."

"நீங்க?"

அவர் மீன் பையைத் துணிக்கொடிக் கம்பத்தில் மாட்டினார். குழாயடியில் கையைக் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஊசிகளை வாங்கினார். நூலை இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அவர் கையைப் பார்க்கவே இல்லை. ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின. ஒரு வரிசை முடிந்தது. திருப்பினார். இன்னொரு வரிசை முடிந்தது. அரிசி களைகிற பழக்கத்தோடு அந்தப் பெரிய கறுத்த கைகள் அந்த வேலையைச் செய்தன. குமுதா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தன வருசமா?"

"தினேசு பொறந்த வருசத்துலருந்து."

தினேசு என்றால் தினேஸ்வரி, அவர்களுடைய ஒரே மகள். இருபத்தெட்டு வயது. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிக்கத்தான் செய்வேன்," என்றாள் குமுதா. ஆனால் சிரிக்கவில்லை. பிறகு, "மீன எடுத்துக் கழுவணும், பூனை வந்துரும்," என்று எழுந்து போனாள். உள்ளே போகும்போது நூல் உருண்டையைத் தரையில் விடாமல் அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் அந்த வீட்டின் மத்தியானங்களில் ஊசிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. குமுதா தரையில் படுத்திருப்பாள். தர்மேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்து பின்னுவார். எதைப் பின்னுகிறோம் என்று அவருக்கே தெரியாது. கம்பளி நூலில் துண்டுத் துண்டாகப் பின்னி அடுக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு கனகராஜ் கேட்டுக்கு வந்தால் மட்டும் எல்லாவற்றையும் பேப்பருக்கு அடியில் தள்ளிவிடுவார்.

"இந்த வெயில்ல கம்பளிய எவன் போத்துவான்?" என்று குமுதா படுத்தபடியே கேட்டாள்.

"யாரும் போத்த வேணாம். கைக்கு வேல."

"வீட்டுக்கு ஆகுற மாதிரி ஏதாச்சும் செய்யலாம்ல."

மேற்குப் பார்த்த வீடு அது. மூன்று மணிக்கு வெயில் முன் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்து, அவள் படுக்கிற இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த திரை இருந்தது. அதை இழுத்தால் வெயிலோடு காற்றும் போய்விடும். இழுக்காவிட்டால் கண்கூசும். அவள் வெயிலுக்குத் தகுந்த மாதிரித் தரையில் நகர்ந்து நகர்ந்து படுப்பதை அவர் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலுக்கு ஒன்னு பின்னட்டா? வெள்ள நூல்ல. ஓட்ட ஓட்டையா."

குமுதா ஒரு கண்ணைத் திறந்தாள். "காத்து வருமா?"

"வரும்."

"பூ இருக்குமா?"

"என்னா பூ?"

அவள் யோசித்தாள். யோசிக்கிறாளா தூங்கிவிட்டாளா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அப்புறம் சொன்னாள்: "புடலம்பூ."

புடலம்பூவை தர்மேந்திரன் வாழ்நாளில் கவனித்ததில்லை. பகலில் பந்தலில் அது சுருண்டுபோன பஞ்சுத் துணுக்கு மாதிரிக் கிடக்கும். அன்று மாலை ஏழு மணிக்குக் குமுதா அவரைப் பந்தலடிக்கு அழைத்துப் போனாள். கொசுவத்தி ஏற்றி வைத்தாள். இரண்டு முக்காலி. மலைக்குப் பின்னால் வானம் பப்பாளிப்பழ நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது.

"பேசாம பாருங்க."

ஒரு மொட்டு நடுங்கியது. காற்று என்று நினைத்தார். காற்று இல்லை. ஐந்து இதழ்களும் மெல்ல விலகின. ஒவ்வொரு இதழின் ஓரமும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அந்த நூல்கள் உள்ளுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அவிழ்ந்தது, பிறகு இன்னொன்று. கடைசியில், யாரோ வெள்ளை நூலை எடுத்து அந்தரத்தில் பின்னிவிட்டு ஓரத்தை முடிக்காமல் விட்டுப்போனது போல, முழுப் பூவும் இருட்டிக்கொண்டு வந்த கொடியில் தனியாகத் தெரிந்தது. ஒரு மெல்லிய வாசனை வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி வந்து அதைச் சுற்றியது.

"இத நீ தினமும் பாப்பியா?"

"நீங்க மாலை ஷிப்டு போற நாள்ல பாப்பேன். வீடு அமைதியா இருக்கும்ல."

அவள் ஒருத்தியாக முக்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை மாலைகளும் அப்போது அவர் மனதில் வந்தன. தான் அந்த நேரத்தில் வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டார். முக்காலியைக் கொஞ்சம் அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாளே டவுனுக்குப் போய் மெல்லிய வெள்ளைப் பருத்தி நூல் வாங்கி வந்தார்கள். திரையின் வலை அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது. இரண்டு கண்ணி சேர்த்து, ஒரு கண்ணி விட்டு, அகல அகலமான ஓட்டைகளோடு நாளுக்கு ஒரு சாண் வளர்ந்தது. பூதான் வரவில்லை. ஐந்து இதழ் பின்ன முடிந்தது. ஓரத்து நூல் முடியவில்லை. தனியாக நூலை வெட்டி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தார். துடைப்பம் மாதிரி இருந்தது. ஊசி முனையில் சின்னச் சின்ன வளையங்களாகச் செய்து பார்த்தார். அது சாமந்தி மாதிரி ஆகிவிட்டது. தினமும் ஏழு மணிக்குப் பந்தலடியில் உட்கார்ந்து பார்ப்பதும், மறுநாள் பின்னுவதும், பிரிப்பதுமாக இரண்டு வாரம் போனது. கோபமே வரவில்லை. அவருக்கு அதுவே ஆச்சரியம்.

ஏப்ரல் தொடக்கத்தில் தினேஸ்வரி நாலு நாள் லீவில் வந்தாள். வந்த அன்று மாலை அப்பாவையும் அம்மாவையும் வீட்டில் காணாமல் தேடிக்கொண்டு வெளியே வந்தவள், இருட்டில் இரண்டு பேரும் முக்காலி போட்டு ஒரு கொடியை முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு பயந்துவிட்டாள்.

"அம்மா, என்னாச்சு?"

"ஸ்ஸ், உக்காரு. இப்ப விரியும்."

அந்த நாலு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தையில் மாங்காய் குவிந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அரிசி கழுவிய தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் வாளி வாளியாகத் தோட்டத்துக்குப் போயிற்று. தினேஸ்வரியும் தூக்கினாள். மத்தியானத்தில் மூன்று பேரும் கூடத்துத் தரையில், ஒரே காற்றாடிக்குக் கீழே, கால்களைத் தூக்கி சோபாவின் மேல் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய உப்பும் மிளகாய்த் தூளும் போட்ட மாங்காய்த் துண்டுகள். யாராவது கையை நீட்டினால் தட்டு மெல்லச் சுழலும். பேச்சும் அப்படித்தான், யாரோ தொட்டால் கொஞ்சம் நகரும், பிறகு நின்றுவிடும்.

"அப்பா, உங்களுக்கு யாரு பின்னச் சொல்லிக் கொடுத்தா?" என்று தினேஸ்வரி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைவேலைக்கென்று ஓர் அறை உண்டு. கூடை முடைவார்கள், பின்னுவார்கள். ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது அவருடைய பொறுப்பு. அங்கே ஆ கியோங் என்று ஒருவர். இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். தர்மேந்திரன் பிறந்ததும் அதற்கு அடுத்த தோட்டத்தில்தான். ஆ கியோங் யாரோடும் பேசமாட்டார், பின்னிக்கொண்டே இருப்பார். நீளமாக ஒரு துண்டு. சாயங்காலம் மணியடித்ததும் அதைச் சரசரவென்று பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிடுவார். மறுநாள் மறுபடி ஆரம்பம்.

"நூலைப் புடிச்சுக்க ஆளு வேணும்னாரு. நான் புடிச்சேன். அப்டியே பாத்துப் பாத்து வந்துருச்சு."

"அவரு இன்னும் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரு. வீட்டு ஆளுங்க யாரும் இல்ல."

"அப்ப அவருகிட்டயே போய் கேக்கலாமே, பூ எப்படிப் போடறதுன்னு."

தர்மேந்திரன் காலை சோபாவிலிருந்து இறக்கிக்கொண்டார். குமுதா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"கடைசி நாளு அவருகிட்ட சொல்லாம வந்துட்டேன்," என்றார். "தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுப்பலாம்னு கட்டிலுகிட்ட போனேன். எழுப்பி என்னா சொல்றது? நாளைக்கு வரமாட்டேன்னா? அந்த மனுசன் எத்தன பேருக்கிட்ட அத கேட்டுருப்பாரு. புது நூல் உருண்ட ஒன்னு வாங்கி வச்சிருந்தேன், அத தலமாட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

குமுதா எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள்.

"சனிக்கெழம போலாம். நானும் வாரேன்."

அவர் ஆச்சரியப்பட்டார். இத்தனை வருஷத்தில் குமுதா அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. கல்யாணமான புதிதில் யாராவது, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறார் என்பாள். கேட்டவர்கள், நோயாளியாகவா என்று சிரிப்பார்கள். அதற்காகவே பிற்பாடு கவர்மெண்டு வேலை என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டவள்.

தினேஸ்வரி வெள்ளிக்கிழமை பினாங்குக்குத் திரும்பினாள். சனிக்கிழமை இவர்கள் கிளம்பினார்கள். குமுதா ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டாள். முந்தின மாலை விரிந்த பூக்களில் இரண்டைக் காம்போடு பறித்து ஈரப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் நிழல் சாலையில் விழுந்து கிடந்தது. புல் வெட்டிய வாசனை. அவள் எதை எதிர்பார்த்தாளோ, அது அங்கே இல்லை. கணவரின் கையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

ஆ கியோங் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். தர்மேந்திரன் வைத்துவிட்டு வந்த நூல் உருண்டை சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. இவர் போய் முன்னால் நின்றார். ஆ கியோங் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தர்மா, இன்னிக்கு ஷிப்டு லேட்டா?"

மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குமுதா மரத்தைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் லேட்டாயிருச்சு," என்றார் தர்மேந்திரன்.

"பரவால்ல. உக்காரு. இது யாரு?"

"என் சம்சாரம்."

ஆ கியோங் குமுதாவை மேலும் கீழும் பார்த்தார். "தோட்டம் வச்சிருக்கிற அம்மாவா? மரவள்ளி நல்லா வந்துச்சா? மூனு வருசம் முன்ன கெழங்கு வைக்கலன்னு சொன்னியே தர்மா."

தன் தோட்டத்து மரவள்ளி இந்த வராந்தா வரைக்கும் வந்து பேசப்பட்டிருக்கிறது என்பதைக் குமுதா கனவிலும் நினைத்ததில்லை. மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரவள்ளி அப்புறம் நன்றாக வந்தது என்றும், மணலைத் தோண்டி ஆழமாகச் சாம்பல் போட்டதாகவும் சொன்னாள். ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். அதன்பின் பேப்பரைப் பிரித்தாள். பூக்கள் வாடிவிட்டிருந்தன. ஓரத்து நூல்கள் எல்லாம் சுருண்டு சுருண்டு உள்ளே போயிருந்தன.

தர்மேந்திரன் தான் செய்து பார்த்த துண்டுகளைக் காட்டினார். துடைப்பத்தையும் சாமந்தியையும். ஆ கியோங் துண்டை ஒரு கையிலும் வாடிய பூவை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சுருண்ட நூல் ஒன்றை நகத்தால் இழுத்துவிட்டார். அது நீண்டு, மறுபடி சுருண்டது.

"நீ முடிச்சு போட்டுக்கிட்டே இருக்க தர்மா."

"முடிச்சு போடலன்னா அவுந்துருமே."

"அவுக்கணும். ஊசி குடு."

பணியிலிருந்த அட்டெண்டன் ராஜு, தர்மேந்திரனிடம் வேலை பழகியவன், கைவேலை அறையிலிருந்து ஊசிகளை எடுத்துவந்து கொடுத்தான். ஆ கியோங் வெள்ளை நூலில் பன்னிரண்டு கண்ணி ஏற்றி, விரல் நீளத்துக்கு ஒரு பட்டை பின்னினார். பிறகு நாலே நாலு கண்ணியை மட்டும் மூடினார். மிச்ச எட்டுக் கண்ணிகளை ஊசியிலிருந்து அப்படியே உருவிவிட்டார். தினமும் மணியடித்ததும் எப்படிப் பிரிப்பாரோ அப்படி, சரசரவென்று, கீழ் வரிசை வரைக்கும் பிரித்தார். பட்டையின் ஓரமெல்லாம் நூல் நூலாக இறங்கியது. பின்னிப் பிரித்த நூல் அல்லவா, நேராக நிற்காமல் அலை அலையாகச் சுருண்டுகொண்டு நின்றது. அடியைச் சேர்த்துச் சுருக்கி, விரல் நுனியால் தட்டிவிட்டு, பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாலையில் பூ விரிவதை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி அதைப் பார்த்தார்கள்.

"முப்பது வருசமா நீங்க பிரிக்கிறத பாத்துக்கிட்டு இருந்தேன்," என்று கடைசியில் தர்மேந்திரன் சொன்னார். "பாவம், பிரிச்சுடுறாரேன்னு நெனப்பேன்."

"பிரிக்கிறது நல்லா இருக்கும்," என்றார் ஆ கியோங். "பின்னுறதவிட."

திரை முடிய மே மாதக் கடைசி ஆகிவிட்டது. இருபத்திரண்டு பூக்கள். சில நன்றாக வந்தன. இரண்டு மூன்றில் இதழ் நாலுதான். குமுதா எண்ணிப் பார்த்துச் சொன்னபோது, புடலங்கொடியில் எல்லாப் பூவும் ஒழுங்காகவா இருக்கிறது என்று அவர் கேட்டார். கனகராஜ் ஒரு நாள் பேப்பரைத் தூக்கிப் பார்த்துவிட்டார். தர்மேந்திரன் காது மடல் சூடாக உட்கார்ந்திருந்தார். கனகராஜ் ஊசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், மீன் வலை கிழிஞ்சு கெடக்கு. இதுல தைக்க முடியுமா?"

"அதுக்கு வேற ஊசி. கொண்டாங்க, பாப்போம்."

அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா இத்தனை நாள் ஒளித்தோம் என்று அவருக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது.

பழுப்புத் திரையைக் கழற்றி, வெள்ளைத் திரையை மாட்டிய அன்று மத்தியானம் வெயில் வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தது. ஆனால் உள்ளே நுழைந்தபோது அது துண்டு துண்டாகச் சிதறிவிட்டது. தரையெங்கும் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள், அவற்றுக்கு நடுவே பூக்களின் நிழல். காற்று வந்தபோது ஓரத்து நூல்கள் அசைந்தன, நிழல்களும் அசைந்தன. குமுதா அவற்றுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். அவளுடைய கை மேல் ஒரு பூ விழுந்திருந்தது. மூச்சு விடும்போது அது மெல்ல ஏறி இறங்கியது.

"நகர வேண்டியதில்ல," என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

தினேஸ்வரிக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். தனக்கும் ஒன்று வேண்டும், பினாங்கு வீட்டு ஜன்னல் இன்னும் பெரிசு என்று அவள் பதில் போட்டாள். அவர் அளவு கேட்டு எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை தோறும் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை குமுதா முற்றிய புடலை விதைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனாள். வார்டு சிஸ்டரிடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். வராந்தாக் கம்பிக்கு வெளியே மண்ணைக் கொத்தி, சாம்பல் போட்டு, ஆறு விதைகளை ஊன்றினாள். ஆ கியோங் உள்ளே நின்றபடி எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

ஜூலை மாதம். ஒரு நாள் மாலை ஏழேகாலுக்கு தர்மேந்திரனின் போன் அடித்தது. வார்டிலிருந்து ராஜு.

"அண்ணே, இவரு சாப்பிட உள்ள வர மாட்றாரு. கம்பியோரமா நாற்காலிய போட்டு உக்காந்துட்டாரு. கேட்டா, இருடா, மொட்டு ஆடுதுங்கறாரு. என்னா செய்யட்டும்?"

குமுதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன என்று கண்ணால் கேட்டாள். அவர் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"தம்பி, சாப்பாட்ட மூடி வைங்க. பத்து நிமிசந்தான் ஆகும். நீங்களும் ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க."